கிரிமினல் அப்பீல்: நாள் தவறுவது எங்கே?

செக் பவுன்ஸ் கேஸில் ஓராண்டு தண்டனை. ஜாமீனில் இருப்பவர் என்றால் மேல்முறையீடு செய்ய வசதியாக மாஜிஸ்திரேட்டே தண்டனையை நிறுத்தி வைப்பார். "அப்பீலுக்கு 60 நாள் இருக்கு" என்று யாரோ சொன்னதை நம்பி கட்சிக்காரர் ஊருக்குப் போய்விடுவார். அந்த 60 நாள் உயர் நீதிமன்றத்துக்கு உரியது. மாஜிஸ்திரேட் தீர்ப்பை எதிர்த்து செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போக, 1963-ஆம் ஆண்டு லிமிடேஷன் சட்டப்படி (காலவரம்புச் சட்டம்) 30 நாள்தான். மரண தண்டனையை எதிர்த்து உயர் நீதிமன்றம் போகவும் 30 நாள்தான். என்.ஐ.ஏ. (தேசியப் புலனாய்வு முகமை) வழக்கில் ஆயுள் தண்டனையே என்றாலும் அதே 30.

இதைவிட மோசமான குழப்பம் ஒன்று உண்டு. பி.என்.எஸ்.எஸ். (இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 430(3)-ன்படி தண்டனை எந்தத் தேதிவரை நிறுத்தி வைக்கப்பட்டதோ அது வேறு, அப்பீல் கெடு வேறு. தீர்ப்பு நகல் தயாராக ஆன நாட்கள் கெடுக் கணக்கில் கழியும், கெடு அத்தனை நாள் தள்ளிப்போகும். நிறுத்திவைப்பு முடியும் தேதி அதற்காக ஒரு நாள்கூட நகராது. அந்தத் தேதிக்குள் அப்பீல் போட்டால் மட்டும் போதாது, மேல் கோர்ட்டின் நிறுத்திவைப்பு உத்தரவும் கையில் இருக்க வேண்டும்.

மார்ச் 3-ல் தீர்ப்பு என்று வைத்துக்கொள்வோம். அந்த நாளை விட்டு எண்ணினால் 30-வது நாள் ஏப்ரல் 2. நகலுக்கு மார்ச் 7-ல் மனு, 18-ல் நகல் தயார் என்றால் 12 நாள் கழியும். கெடு ஏப்ரல் 14. அன்று சித்திரை முதல் நாள், கோர்ட் விடுமுறை. 15-ஆம் தேதி கோர்ட் திறந்ததும் போடலாம். அதையும் விட்டு 16-ல் போட்டால், விடுமுறைச் சலுகை போய் இரண்டு நாள் தாமதம். நகலை சாவகாசமாக 28-ஆம் தேதி போய் வாங்கியிருந்தால் அந்தப் பத்து நாள் நம் கணக்கில்தான் போகும். 'தயார்' என்ற தேதி சான்றிட்ட நகலிலேயே எழுதியிருக்கும். அதைப் பார்க்காமல் கணக்குப் போடாதீர்கள்.

இ-ஃபைலிங்கில் கடைசி நாள் இரவுவரை இழுப்பது பெரிய ஆபத்து. ஓ.டி.பி. வராது, பி.டி.எஃப். ஏறாது. ஏறினாலும் வருவது ஒப்புகை எண்தான், வழக்கு எண் அல்ல. அதன் பிறகு ஸ்க்ரூட்டினி, அதாவது கோர்ட் அலுவலகத்தின் சரிபார்ப்பு. மங்கலான ஸ்கேன், பக்க எண் இல்லாத தொகுப்பு, சிறையில் இருப்பவரின் வக்காலத்தில் கண்காணிப்பாளர் சான்று இல்லாதது என்று எதற்கும் ரிட்டர்ன் ஆகும். அப்லோட் செய்ததோடு போர்ட்டலை மறந்துவிட்டால், திருத்தித் திரும்பப் போடக் கொடுத்த நாளும் ஓடிவிடும். அதற்குத் தனியாக ஒரு தாமத மன்னிப்பு மனு போட வேண்டும்.

தாமத மனுவில் "உடல்நலக் குறைவால்" என்ற ஒற்றை வரி எடுபடாது. எந்தத் தேதியில் அட்மிட் ஆனார், எப்போது வீடு திரும்பினார் என்று எழுதி, டிஸ்சார்ஜ் சம்மரியையும் சேர்க்க வேண்டும். சிறையில் இருப்பவருக்கு வக்கீல் கிடைக்கவில்லை என்றால் நாளைக் கடத்த வேண்டாம். அப்பீல் மனுவையும் தீர்ப்பு நகலையும் சிறைப் பொறுப்பு அதிகாரியிடமே கொடுக்கலாம். மேல் கோர்ட்டுக்கு அனுப்புவது அவர் கடமை, பி.என்.எஸ்.எஸ். பிரிவு 424.