விண்டர் டயர்: தேர்ந்தெடுப்பது, மாட்டுவது, பனியில் ஓட்டுவது

என் முதல் பனிக்காலத்தில் ஒரு காலை, சிவப்பு விளக்கைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு பிரேக்கை மிதித்தேன். பெடல் காலுக்கடியில் கடகடவென்று அதிர்ந்தது, வண்டி நிற்கவில்லை. கோட்டைத் தாண்டி நட்டநடுச் சந்திப்பில்தான் போய் நின்றது. குறுக்கே யாரும் வராததால் தப்பித்தேன். என்னுடையது நான்கு வீலும் இழுக்கிற வண்டி, அதை நம்பித்தான் டயரை மாற்றாமல் விட்டிருந்தேன். நாலு வீல் டிரைவ் வண்டியைக் கிளப்புவதற்குத்தான் கைகொடுக்கும். நிறுத்துவது டயரின் வேலை. ஒவ்வொரு டயரும் ரோட்டைத் தொடுவது ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு இடத்தில்தான். அந்த நாலு உள்ளங்கையைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில், கோடை டயருக்கும் விண்டர் டயருக்கும் வித்தியாசம் எங்கே இருக்கிறது?

ரப்பரில். கோடை டயரின் ரப்பர் குளிர ஆரம்பித்ததும் விறைத்துப்போகும், ரோட்டின் சொரசொரப்பைப் பிடிக்காது. விண்டர் டயரின் ரப்பர் கடுங்குளிரிலும் இளகியே இருக்கும்படி கலக்கப்பட்டது. பொதுவாகச் சொல்லும் எல்லை 7 டிகிரி செல்சியஸ். அதற்குக் கீழே போனால், பனி விழாத வெறும் ரோட்டிலும் விண்டர் டயர் தேவைப்படும்.

அடுத்தது பட்டன், அதாவது ரோட்டைத் தொடும் பக்கத்தில் துருத்திக்கொண்டிருக்கும் ரப்பர் கட்டிகள். விண்டர் டயரின் பட்டனை உற்றுப் பாருங்கள்: ஒவ்வொன்றிலும் பிளேடால் கீறியதுபோல நெளிநெளியாக மெல்லிய வெட்டுகள் இருக்கும். வண்டி ஓடும்போது அவை விரிந்து, ஆயிரக்கணக்கான சிறு விளிம்புகளாகப் பனியைக் கவ்வும். பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளங்கள் பனியை அள்ளி அடைத்துக்கொள்ளும். பனி பனியோடு நன்றாக ஒட்டும் என்பதால் (பனிப்பந்து பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்) அந்த அடைப்பும் பிடிமானம்தான்.

படி 1: டயரின் பக்கவாட்டைப் படியுங்கள்

தேட வேண்டிய முத்திரை ஒன்றுதான்: மூன்று சிகரங்கள் உள்ள மலை, அதற்குள் ஒரு பனித்துகள். பனியில் சோதித்துத் தேறிய டயருக்கு மட்டுமே அது கிடைக்கும். ‘எம் பிளஸ் எஸ்’ என்ற எழுத்துகளை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். சேற்றுக்கும் பனிக்கும் ஏற்ற பட்டன் வடிவம் என்று தயாரிப்பாளரே சொல்லிக்கொள்வதுதான் அது, அதற்குச் சோதனை எதுவும் கிடையாது. ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல் மலை முத்திரை இல்லாத டயர் குளிர்கால டயராகவே கணக்கில் வராது. கனடாவின் கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். உங்கள் இடத்துச் சட்டத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வருடம் முழுக்க ஓட்டுவதற்கென்று வரும் ஆல் சீசன் டயர் சிலவற்றிலும் மலை முத்திரை உண்டு. எப்போதாவது கொஞ்சம் பனி விழும் இடத்துக்கு அது போதும். மாதக்கணக்கில் பனி கிடக்கும் இடம் என்றால் என் ஓட்டு விண்டர் டயருக்குத்தான்.

பக்கவாட்டிலேயே தயாரிப்புத் தேதி நான்கு எண்களாக இருக்கும். 3824 என்றால் 2024ஆம் ஆண்டின் 38ஆவது வாரம். பழைய டயர் வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பட்டன் ஆழமாக இருந்தாலும் வருடங்கள் போகப்போக ரப்பர் கெட்டிப்பட்டுவிடும். பட்டன் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால் பனிக்கு அது உதவாது.

படி 2: நாலும் வாங்குங்கள்

முன்பக்கம்தானே இழுக்கிறது, இரண்டு போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். போதவே போதாது. வளைவில் முன்பக்கம் கவ்விப் பிடிக்கும், பின்பக்கம் பிடியில்லாமல் வழுக்கும், வண்டி பம்பரமாகச் சுழன்றுவிடும். காசு மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல.

படி 3: தனி ரிம் எடுப்பது நல்லது

ஒரே ரிம்மில் வருடத்துக்கு இரண்டு முறை டயரைக் கழற்றி மாட்டினால் டயரின் ஓரம் கிழியும் வாய்ப்பு உண்டு, ஒவ்வொரு முறையும் கூலியும் பேலன்ஸிங் செலவும் சேரும். குளிர்காலத்துக்கென்று நான்கு ரிம் தனியாக வைத்துக்கொண்டால் வீட்டு வாசலிலேயே மாற்றிவிடலாம். சாதாரண இரும்பு ரிம் தாராளமாகப் போதும். பார்க்க அழகில்லைதான், ஆனால் குழியில் விழுந்தால் பெரும்பாலும் உடையாமல் நெளியும், ரோட்டில் கொட்டும் உப்பால் கெட்டாலும் மனசு வலிக்காது.

வண்டியின் கையேடு அனுமதித்தால் ஓர் அங்குலம் சின்ன ரிம்மும் ஒடுக்கமான டயரும் எடுங்கள். உதாரணமாக 225/45 ஆர்17 மாட்டிய வண்டிக்கு 205/55 ஆர்16 (முதல் எண் மில்லிமீட்டரில் டயரின் அகலம், அடுத்தது அந்த அகலத்தில் பக்கவாட்டு உயரம் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் அங்குலத்தில் ரிம்மின் அளவு). முதலாவதன் மொத்த உயரம் சுமார் 634 மில்லிமீட்டர், இரண்டாவது 632. ஆகவே வேகமானி ஏமாற்றாது. ஒடுக்கமான டயர் பனியின் மேல் மிதக்காமல் அதைப் பிளந்துகொண்டு இறங்கும், தடித்த பக்கவாட்டு குழிகளின் அடியைத் தாங்கும்.

ரிம் வாங்கும்போது போல்ட் துளைகளின் எண்ணிக்கை, இடைவெளி, நடுத்துளையின் அளவு, ஆஃப்செட் (வண்டியோடு பொருந்தும் முகப்பு ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது) எல்லாம் பொருந்த வேண்டும், உள்ளே பிரேக் இடிக்கக் கூடாது. நட்டையும் மறக்காதீர்கள். அலாய் ரிம்முக்கு வந்த நட்டின் அடிப்பகுதி இரும்பு ரிம்மில் சரியாக உட்காராமல் போகலாம். கூம்பு வடிவக் குழிக்கு உருண்டை நட் போட்டால் இறுகியதுபோலத் தெரியும், ஓட்டத்தில் தளரும். டயரழுத்த சென்சார் உள்ள வண்டி என்றால் புது ரிம்முக்கும் சென்சார் வேண்டும், இல்லாவிட்டால் எச்சரிக்கை விளக்கு குளிர்காலம் முழுக்க எரியும்.

படி 4: மாட்டுவது

முதல் பனிக்கு முன்பே மாட்டிவிடுங்கள். சமமான, கெட்டியான தரை, ஹேண்ட் பிரேக் போட்ட வண்டி. தூக்குவதற்கு முன்பே நட்டுகளைக் கால் சுற்று தளர்த்துங்கள். கையேடு காட்டும் இடத்தில் மட்டும் ஜாக்கி. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையோ தலையோ நுழைக்கக் கூடாது.

வீலைக் கழற்றியதும் அது உட்காரும் முகப்பில் துருவும் உப்பும் படிந்திருக்கும். கம்பி பிரஷால் சுத்தமாகத் தேய்த்துவிடுங்கள். துரு நடுவில் இருக்கும்படி மாட்டினால், அது பின்னால் உதிர்ந்து நட் தளர அதுவே வழி. டயரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால், முன்னோக்கி ஓடும்போது அது உருளும் திசையைக் காட்ட வேண்டும்.

நட்டுகளை முதலில் கையால் முடுக்குங்கள். பிறகு ஒன்றுக்கு எதிர்ப்புறம் இன்னொன்று என்று நட்சத்திர வரிசையில். வண்டியை இறக்கியபின் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து இறுக்குங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபாருங்கள். அவசரத்தில் பலர் விட்டுவிடும் வேலை இதுதான்.

படி 5: காற்று

வெப்பநிலை ஏறக்குறைய 6 டிகிரி செல்சியஸ் இறங்கினால் டயரில் காற்றழுத்தம் 1 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) குறையும். 20 டிகிரி உள்ள கராஜில் சரியாக அடித்த டயர், வெளியே மைனஸ் 10இல் 5 பிஎஸ்ஐ குறைவாக நிற்கும். மாதம் ஒருமுறையாவது, ஓட்டுவதற்கு முன் டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். பனிக்காகக் காற்றைக் குறைப்பது தவறான பழக்கம்.

படி 6: ஓட்டுவது

புது டயரை முதல் சில நூறு கிலோமீட்டர் மென்மையாக ஓட்டுங்கள், அதன் மேல்தோல் தேய்ந்தபிறகுதான் முழுப் பிடிமானம் வரும். பின்பு ஒரு காலி மைதானத்தில் மெதுவான வேகத்தில் பிரேக்கை அழுத்தமாக மிதித்துப் பாருங்கள். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கையில் வீல் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) பெடலை அதிரவைக்கும்போது பெடலைவிட்டுக் காலை எடுக்கக் கூடாது என்பதை உடம்பு அங்கேதான் கற்றுக்கொள்ளும்.

முன்வண்டிக்கும் உங்களுக்கும் 8 முதல் 10 விநாடி இடைவெளி விடுங்கள். பிரேக், ஸ்டியரிங், ஆக்சிலரேட்டர் எல்லாமே ஒவ்வொன்றாக, மெதுவாக. வண்டி வழுக்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, போக வேண்டிய திசையைப் பார்த்து அங்கே ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். மைனஸ் 15ஐவிட பூஜ்யம் டிகிரியை ஒட்டிய நாளுக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். பனிக்கட்டியின் மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்கும் அந்த நாளில், பாலங்களின் மேல் ரோடு முதலில் உறைந்து வெறும் ஈரம்போலவே தெரியும்.

ஆழமான பனியில் ஓட்டியபின் வேகமெடுக்கும்போது ஸ்டியரிங் நடுங்கினால் பதறாதீர்கள். பெரும்பாலும் ரிம்மின் உட்பக்கம் பனி அப்பியிருக்கும். நிறுத்தி இடித்துத் தட்டிவிடுங்கள். சுத்தம் செய்தும் நடுக்கம் போகாவிட்டால் நட்டுகளைப் பாருங்கள். பனியில் சிக்கி இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருக்க நேர்ந்தால், முதலில் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றுங்கள். அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வண்டிக்குள் வரும், அதற்கு வாசனையே கிடையாது.

படி 7: கழற்றி வைப்பது

காலையிலும் வெப்பநிலை 7 டிகிரிக்கு மேலேயே நிற்க ஆரம்பித்ததும் கழற்றிவிடுங்கள். வெயிலில் இந்த இளகிய ரப்பர் வேகமாகத் தேயும், பிரேக் பிடிக்கும் தூரமும் கூடும். உப்புப் போகக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். ரிம்மோடு இருந்தால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம், வெறும் டயர் என்றால் நிறுத்தி வைக்க வேண்டும். அடுக்குவதற்கு முன் எது முன் இடது, எது பின் வலது என்று சாக்பீஸால் ஒவ்வொன்றிலும் எழுதிவிடுங்கள்.