வாவிக்கரையில் நின்று ஒரு சூழற்றொகுதியைப் படிக்கும் முறை

சூழற்றொகுதி என்னும் சொல்லுக்குப் பாடநூல் தரும் விளக்கத்தைப் பிழையின்றி ஒப்புவிக்கும் மாணவரிடம், அவர் வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் வாவியைக் காட்டி, இங்கே எது எதை உண்கிறது, எது எதற்கு எருவாகிறது என்று கேட்டால் பெரும்பாலும் தயக்கமே விடையாகக் கிடைக்கிறது. ஆர்தர் டான்ஸ்லி 1935 ஆம் ஆண்டில் இச்சொல்லை அறிவியலுக்குள் கொண்டுவந்தபோது, உயிர்களையும் அவற்றைச் சூழ்ந்த மண், நீர், வெப்பம் ஆகியவற்றையும் பிரிக்காமல் ஒரே தொகுதியாக நோக்கவேண்டும் என்றே வலியுறுத்தினார். ஆகவே பறவைகளின் பெயர்களையும் மீன்களின் பெயர்களையும் கொப்பியில் வரிசையாக எழுதுவதோடு வேலை முடிந்துவிடாது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு என்ன செல்கிறது என்பதை அம்புக்குறியாக வரையத் தெரிந்தவரே சூழற்றொகுதியைப் படித்தவர்.

கரைக்குப் போவதற்கு முன், நீங்கள் நிற்கும் நிலம் எந்தப் பெருவாழிடத்தை, அதாவது பயோமை, சேர்ந்தது என்பதை அறிந்துகொள்ளுங்கள். ஒரே வகையான காலநிலை ஒரே வகையான தாவர வடிவங்களை வளர்த்தெடுத்துள்ள பெரும் நிலப்பரப்பைப் பயோம் என்கிறோம். கிழக்கிலங்கையின் மட்டக்களப்பும் அம்பாறையும் வெப்பவலய உலர் காட்டுப் பயோமைச் சேர்ந்தவை. தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தை மலைநாட்டின் மேற்குச் சரிவுகளிலேயே கொட்டிவிட்டு, இறங்கும்போது சூடேறி, நமக்கு வறண்ட கச்சானாக வந்து சேர்கிறது. ஐப்பசிக்குப் பிறகு வரும் வாடையே நமக்கு மழை. அதனால்தான் நீண்ட கோடையைத் தாங்கும் பாலை, வீரை, முதிரை போன்ற மரங்கள் நம் காடுகளில் நிற்கின்றன. நம் பெரும்போக நெற்செய்கையும் அந்த மழையை நம்பியே விதைக்கப்படுகிறது. பயோம் என்பது இவ்வளவு பெரிய அளவுகோல். அதற்குள் வாவி, குளம், வயல், மணற்கரை எனப் பல சூழற்றொகுதிகள் அடங்கும்.

இனி ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மட்டக்களப்பு வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீளமானது. உங்களுக்கு வேண்டியது அதன் கரையில், உப்புநீர்ச் சேற்றில் வளரும் கண்டல் மரங்கள் நிற்கும் பகுதியில், ஒரு மீற்றர் நீளமும் ஒரு மீற்றர் அகலமும் கொண்ட சேற்றுநிலம் மட்டுமே. நான்கு தடிகளை ஊன்றிக் கயிறு கட்டுங்கள். தனியாகச் செல்லவேண்டாம், வாவியில் முதலைகள் உள்ளன, ஆகவே இடத்தை அறிந்த மீனவர் ஒருவரைக் கேட்டறிந்த பின்னரே இறங்குங்கள். தில்லை மரத்தின் கிளையை ஒடிக்கவும் கூடாது. அதன் பால் கண்ணில் பட்டால் கடும் கேடு விளைவிக்கும்.

முதலில் உயிரற்ற கூறுகளை அளந்துகொள்ளுங்கள். வெள்ளைத் தட்டு ஒன்றில் கல்லைக் கட்டிக் கயிற்றால் நீரில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறியுங்கள்; 1865 இல் அஞ்சலோ செக்கி செய்து காட்டிய இந்த எளிய முறையை ஆய்வாளர்கள் இன்றும் பயன்படுத்துகின்றனர். அடுத்து, 100 மில்லிலீற்றர் வாவிநீரை அகன்ற தட்டில் ஊற்றி வெயிலில் முழுவதும் வற்றவிட்டு, எஞ்சும் உப்பைப் பாடசாலை ஆய்வுகூடத் தராசில் நிறுத்துப் பாருங்கள். கடல்நீரானால் ஏறத்தாழ 3.5 கிராம் எஞ்சும். வாவிநீரில் எஞ்சும் அளவு மாதத்துக்கு மாதம் மாறும். அந்த மாற்றமே அங்கே எந்த மீன், எந்த இறால், எந்தத் தாவரம் நிலைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது.

உயிருள்ளவற்றைப் பார்க்கக் காலை நேரமே ஏற்றது. வெண்கண்டல் இலையொன்றைத் திருப்பிச் சாய்ந்த வெயிலில் பிடித்துப் பார்த்தால், நுண்ணிய உப்புப் பொடிகள் மின்னுவதைக் காணலாம். வேர் உறிஞ்சிய உப்பை அந்த மரம் இலையின் வழியே வெளியேற்றுகிறது. கீழே சேற்றிலிருந்து பென்சில் முனைகளைப்போல மேல்நோக்கி நிற்பவை அதன் மூச்சுவேர்கள். சேற்றைச் சிறிது கிளறினால் கறுப்பு நிறமும் அழுகிய முட்டையின் மணமும் வரும். அங்கே ஒட்சிசன் இல்லை என்பதற்கு அதுவே அடையாளம், மூச்சுவேர்களுக்கு அதுவே காரணம்.

இப்போது அசையாமல் அரைமணி நேரம் உட்காருங்கள். இந்த அரைமணி நேரத்தையே நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். மஞ்சளாகி உதிர்ந்த இலையொன்றை ஒரு நண்டு பின்னோக்கி இழுத்துக்கொண்டு போய், வளையின் வாயில் சிக்கியதும் திருப்பி வைத்து, மீண்டும் இழுத்து உள்ளே கொண்டுசெல்லும். உங்கள் முதல் அம்புக்குறி இதுதான்: இலையிலிருந்து நண்டுக்கு. நண்டு தின்று எஞ்சிய துணுக்குகளைப் பங்கசுக்களும் பற்றீரியாக்களும் சிதைக்கின்றன. அந்தச் சிதைவை இறாற்குஞ்சுகள் உண்கின்றன. இறாலை மீன் உண்கிறது. மீனை நீர்க்காகமும் செம்பருந்தும் நாமும் எடுத்துக்கொள்கிறோம். ஒளித்தொகுப்பு செய்யும் மரமும் அல்காக்களும் உற்பத்தியாக்கிகள், உண்பவை நுகரிகள், சிதைப்பவை பிரிகையாக்கிகள் என்ற பாடநூற் சொற்கள் இவ்விடத்தில் தாமாகவே பொருந்தும். ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழ பத்திலொரு பங்கு சக்தியே மேற்படிக்குச் செல்கிறது. மீதி மூச்சாகவும் வெப்பமாகவும் செலவாகிறது. உணவுப்படிகளுக்கிடையே செல்லும் சக்தியைக் கணக்கிட்டுப் பார்க்க 1942 இல் வழிகாட்டியவர் ரேமண்ட் லிண்டமன். வாவிக்கரையில் நண்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்க, செம்பருந்து ஒன்றிரண்டே வட்டமிடுவது இதனால்தான்.

பின்னர் வேறு நிற மையால் மனிதரின் அம்புக்குறிகளை வரையுங்கள். முதலாவது, வாவி கடலோடு கலக்கும் முகத்துவாரம். மாரிவெள்ளம் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் வயல்களை மூழ்கடிக்கும் நிலை வரும்போது பாலமீன்மடுவில் மணற்றிட்டை வெட்டி நீரைக் கடலுக்குத் திறந்துவிடுகின்றனர். வயல் தப்புகிறது, அதேவேளை வாவியின் நீர்மட்டமும் உப்பின் அளவும் குறுகிய நாட்களில் மாறி, மீன்பிடியையும் மாற்றிவிடுகின்றன. விவசாயியின் தேவையும் மீனவரின் தேவையும் ஒரே வாயிலில் மோதுவதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் நம் மாவட்டத்தில் இல்லை. இரண்டாவது, வயலில் இட்ட யூரியா. பயிர் எடுத்தது போக மிஞ்சியது வாய்க்கால் வழியே வந்து அல்காக்களைப் பெருக்குகிறது. அவை மடிந்து அழுகும்போது நீரின் ஒட்சிசன் தீர்ந்து மீன்கள் மிதக்கின்றன. நீங்கள் இறக்கிய வெள்ளைத் தட்டு மிகக் குறைந்த ஆழத்திலேயே மறைந்தால் இதையும் ஒரு காரணமாக எண்ணிப் பாருங்கள்.

அம்பாறைப் பக்கத்து வாசகர்கள் இதே முறையைக் காட்டோரத்தில் செய்யலாம். 1949 இல் தொடங்கிய கல்லோயா நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டம் பெருங்காட்டை வயலாக்கி நாட்டுக்கு நெல் தந்தது; யானைகளின் நடமாட்டப் பரப்போ சுருங்கியது. பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் உணவு தேடி பிளாஸ்டிக்கையும் சேர்த்து விழுங்கிய சுமார் 20 யானைகள் எட்டு ஆண்டுகளில் இறந்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. நம் சமையலறைக் குப்பையிலிருந்து யானையின் வயிற்றுக்குச் செல்லும் அந்த அம்புக்குறியை வரையும்போது எனக்குக் கை நடுங்குகிறது. ஆனாலும் வரையாமல் விடக்கூடாது.

கண்டல் நடவேண்டும் என்று ஆர்வம் எழுந்தால் அவசரப்படவேண்டாம். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கையின் பல இடங்களில் நட்ட கன்றுகள் பிழைக்காமல் போனதற்கு, இனத்துக்குப் பொருந்தாத இடத்தில் நட்டதும் நட்டபின் கவனிக்காமல் விட்டதும் முக்கிய காரணங்கள். கரையில் எந்த இனம் தானாக முளைத்திருக்கிறது, அங்கே நீர் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பவற்றை உங்கள் கொப்பியே சொல்லும்; அது சொல்லாத இடத்தில் நடாதீர்கள்.

ஆவணியில் ஒருமுறையும் மார்கழியில் ஒருமுறையும் அதே சதுரத்துக்குத் திரும்பி வாருங்கள். திகதி, நேரம், தட்டு மறைந்த ஆழம், எஞ்சிய உப்பின் நிறை, நண்டு வளைகளின் எண்ணிக்கை ஆகிய ஐந்தையும் ஒரே பக்கத்தில் எழுதி, உப்புப் படிந்த இரண்டு தட்டுகளையும் மேசையில் அருகருகே வைத்துப் பாருங்கள்.