டீபக் மெனுவின் லொக் வரிகளுக்கு நேரம் போடுவது எப்படி?

யாழ்ப்பாணத்து மாட்டுவண்டிச் சவாரியை வைத்து ஒரு சின்ன கேம் செய்துகொண்டிருக்கிறேன். வண்டி எல்லைக் கோட்டைத் தாண்டியதும் பறை ஒருமுறை ஒலிக்கவேண்டும். சில வேளை இரண்டு பறை ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டது. பிழை தேடுவதற்காகக் கேமுக்குள் வைத்திருக்கும் டீபக் மெனுவைத் திறந்தால், நடந்ததைப் பதியும் லொக்கில் "வெற்றி", "வெற்றி" என்று இரண்டு வரி, அவ்வளவுதான். நேரம் சேர்த்த பிறகு அதே இடம் இப்படித் தெரிந்தது:

00:12.431 வெற்றி
00:12.448 வெற்றி

இடைவெளி 17 மில்லிவினாடி. வினாடிக்கு 60 பிரேம் (திரையில் ஒருமுறை வரையும் படம்) ஓடும் கேமில் ஒரு பிரேமுக்கு ஏறத்தாழ 16.7 மில்லிவினாடி. ஆக, அடுத்தடுத்த இரண்டு பிரேமிலும் வெற்றி பதிவாகியிருக்கிறது. இரண்டு நாளாக நான் ஒலிக் கோப்பைக் கிண்டிக்கொண்டிருந்தேன். பிழை இருந்தது, வண்டி எல்லைக் கோட்டைத் தாண்டியதா என்று சரிபார்க்கும் இடத்தில்.

முதல் வேலை, கேம் முழுக்க அங்கங்கே எழுதிய பிரின்ட் எல்லாவற்றையும் ஒரே பங்சன் வழியாக அனுப்புங்கள். "பதிவுசெய்" என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். செய்தியை வாங்கி, முன்னால் நேரத்தை ஒட்டி, பட்டியலில் சேர்ப்பதுதான் அதன் வேலை.

அடுத்தது, எந்த மணிக்கூடு? இங்கேதான் புதியவர்கள் வழுக்குகிறார்கள். கணினியின் நேரம் நடுவில் மாறக்கூடும்: இணையத்தோடு சரிபார்த்துத் தானாகத் திருத்திக்கொள்ளும், ஆளும் மாற்றலாம். நாடே மாற்றியதும் உண்டு. 1996 மே மாதம் இலங்கையில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள், ஒக்டோபரில் அரை மணி பின்னே எடுத்தார்கள், 2006 ஏப்ரலில்தான் உலகப் பொது நேரத்தைவிட (யுடிசி) ஐந்தரை மணித்தியாலம் முன்னே நிற்கும் பழைய நேரத்துக்குத் திரும்பினோம். இடைவெளி அளக்க அப்படியான மணிக்கூடு உதவாது. கேம் தொடங்கியதிலிருந்து எண்ணும் மணிக்கூட்டை எடுங்கள். கேம் செய்யும் மென்பொருளான கோடோ எஞ்சினில் அது டைம் கிளாஸில் உள்ள "கெட் டிக்ஸ் எம்செக்"; மில்லிவினாடியாகவே தரும். இன்னொரு கேம் எஞ்சினான யுனிட்டியில் "ரியல்டைம் சின்ஸ் ஸ்டார்ட்அப்". அது வினாடியில் வரும், 1000 ஆல் பெருக்குங்கள். யுனிட்டியின் வெறும் "டைம்.டைம்" வேண்டாம். கேமின் நேரம் ஓடும் வேகமான டைம்ஸ்கேலைப் பூச்சியமாக்கி கேமை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். டீபக் மெனு திறக்கும்போது பெரும்பாலும் அப்படித்தானே நிறுத்துகிறோம்.

இனிக் கணக்கு. 12431 கிடைத்தது என்று வையுங்கள். 60000 ஆல் வகுத்தால் முழு எண் 0, அது நிமிடம். மீதியை 1000 ஆல் வகுத்தால் 12, அது வினாடி. எஞ்சிய 431 மில்லிவினாடி. நிமிடத்துக்கும் வினாடிக்கும் இரண்டு இலக்கம், மில்லிவினாடிக்கு மூன்று இலக்கம் என்று முன்னால் பூச்சியம் இட்டு நிரப்புங்கள். 7 மில்லிவினாடியை 007 என்று எழுதாவிட்டால் 12.7 என்று வந்து 700 மில்லிவினாடிபோலக் கண்ணுக்குப் படும்.

நேரத்தைச் செய்தி பிறக்கும் கணத்திலேயே எடுத்து அதனோடு சேர்த்து வையுங்கள். மெனுவைத் திரையில் வரையும்போது எடுத்தால் எல்லா வரியிலும் ஒரே நேரம்தான் ஓடும்.

கணினி நேரம் தேவைப்படும் இடம் ஒன்று இருக்கிறது: லொக்கின் முதல் வரி. ரொறன்ரோவிலிருந்து மச்சான் விளையாடிப் பார்த்து லொக் அனுப்புவார். அங்கே கோடையில் எங்களைவிட ஒன்பதரை மணித்தியாலம் பின்னே, குளிர்காலத்தில் பத்தரை. அதனால் திகதியையும் நேரத்தையும் யுடிசியில் ஒரே ஒருமுறை மேலே எழுதிவிடுகிறேன். கீழே வருவதெல்லாம் அதிலிருந்து எண்ணிக்கொள்ளலாம்.

என் பறைக்கு வந்த தீர்வு ஒரு வரிதான்: வெற்றி பதிவானதும் "முடிந்தது" என்ற மாறியை உண்மையாக்கி, அடுத்த பிரேமில் அதை முதலில் பார்ப்பது. இப்போது லொக்கில் ஒரே வரி வருகிறது, பறையும் ஒருமுறைதான் ஒலிக்கிறது.