லைன் விட்டுவிட்டு வந்தாலும் ஃபைல் ஏற்றும் ஷெல் ஸ்கிரிப்ட்

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலை. சீசனில் லோடு இறங்க இறங்க எடைமேடைச் சீட்டுகள் ஸ்கேன் ஆகி லினக்ஸ் கம்ப்யூட்டரில் சேர்கின்றன. அவற்றைத் தினமும் இரவில் தொலைவிலுள்ள சர்வரில் ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஃபைல்களை நகலெடுத்து அனுப்பும் எஸ்சிபி கமாண்ட் வேண்டாம். நடுவில் இணைய லைன் போனால் அது மறுபடி முதல் ஃபைலிலிருந்து ஆரம்பிக்கும். ஆர்சிங்க் கமாண்ட் ஏறியதை விட்டு மீதியை மட்டும் அனுப்பும்.

ஆர்சிங்க் சர்வரோடு பேசுவது எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக. பாஸ்வேர்டு இல்லாமல் உள்ளே போக, எஸ்எஸ்எச்-கீஜென் கொண்டு இடி25519 வகைக் கீ உருவாக்கி, எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி மூலம் சர்வரில் சேருங்கள். உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கும் பிரைவேட் கீயின் அனுமதி 600, அதாவது உரிமையாளர் மட்டுமே படிக்கலாம், எழுதலாம்; மற்றவர்களும் படிக்கலாம் என்றிருந்தால் எஸ்எஸ்எச் அதை ஏற்காது. ஆளில்லாமல் ஓடும் வேலை என்பதால் கீக்கு பாஸ்ஃப்ரேஸ் (கீயைத் திறக்கும் பாஸ்வேர்டு) வைக்க முடியாது. அதனால் சர்வரில் இதற்கென்றே தனி யூசர் வேண்டும். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் யூசர் கூடவே கூடாது.

ஆர்சிங்க் வரியில் ஆர்க்கைவ் (ஃபோல்டர்களை உள்ளடக்கத்தோடு, அனுமதி, நேரம் மாறாமல் அனுப்ப), பார்ஷியல் (பாதி ஏறிய ஃபைலை வைத்துக்கொள்ள), டைம்அவுட் 60 (60 விநாடி டேட்டா நகராவிட்டால் நிறுத்த) ஆகிய ஆப்ஷன்கள் போதும். ஸ்கேன் ஜேபெக் படமாக இருந்தால் அது ஏற்கெனவே சுருக்கப்பட்டது, சுருக்கி அனுப்பும் இசட் ஆப்ஷனைச் சேர்ப்பது வீண். டெலிட் ஆப்ஷனைத் தொடாதீர்கள்: இங்கே ஃபோல்டர் காலியானால் அங்கேயும் காலி. அனுப்பும் ஃபோல்டர் பெயரின் கடைசியில் சாய்கோடு போட்டால் உள்ளே இருப்பவை மட்டும் போகும். விட்டுவிட்டால் ஃபோல்டரே போய் உட்காரும். சர்வரில் சீட்டுகளுக்குள் இன்னொரு சீட்டுகள் முளைப்பது இதனால்தான். முதல் தடவை, எதையும் அனுப்பாமல் என்ன நடக்கும் என்று மட்டும் காட்டும் டிரை-ரன் போட்டுப் பாருங்கள்.

பலரும் கோட்டை விடுவது இதற்கடுத்த இடத்தில். ஏற்றி முடித்ததும் எல்லாவற்றையும் 'முடிந்தவை' ஃபோல்டருக்கு நகர்த்தினால், இடையில் வந்து சேர்ந்த புதுச் சீட்டும் ஏறாமலே கூடப் போய்விடும். ஆகவே முதலில் ஃபைல்களைத் தேடும் ஃபைண்ட் கமாண்டில் எம்மின் +5 கொடுத்து, ஐந்து நிமிடத்துக்கு முந்தைய ஃபைல்களை மட்டும் 'அனுப்ப' ஃபோல்டருக்கு மாற்றி, அதை ஏற்றுங்கள். ஆர்சிங்க் முடிந்த அடுத்த வரியிலேயே எக்ஸிட் கோடை (கமாண்ட் எப்படி முடிந்தது என்று சொல்லும் எண்) ஒரு வேரியபிளில் பிடிக்க வேண்டும்; நடுவில் ஒரு எக்கோ வந்தாலும் மதிப்பு மாறிவிடும். 0 வந்தால் மட்டுமே 'முடிந்தவை'க்கு நகர்த்தலாம். 30 என்றால் டைம்அவுட்: ஐந்து நிமிடம் பொறுத்து, மூன்று முறை வரை முயலட்டும். 255 என்றால் எஸ்எஸ்எச் இணைப்பே கிடைக்கவில்லை, லைனையும் கீயையும் பாருங்கள். 23 என்றால் சில ஃபைல்கள் ஏறவில்லை, பெரும்பாலும் அனுமதிச் சிக்கல். திரும்பத் திரும்ப ஓட்டிப் பயனில்லை.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் ஓடவில்லையா? கிரானின் பாத் (கமாண்டுகளைத் தேடும் இடங்களின் பட்டியல்) மிகச் சிறியது, கமாண்டுகளுக்கு முழுப் பாதை கொடுங்கள். எஸ்எஸ்எச் ஆப்ஷனில் பேட்ச்மோட் யெஸ் சேர்த்தால் பாஸ்வேர்டு கேட்டுத் தொங்காமல் உடனே பிழை சொல்லும். முந்தைய ஓட்டம் முடியாமல் அடுத்தது கிளம்பாதிருக்க எஃப்லாக் என்ற பூட்டுக் கமாண்டைப் போடுங்கள். விண்டோஸில் எழுதிய ஸ்கிரிப்ட் 'பேட் இன்டர்பிரட்டர்' என்று அடம்பிடித்தால், வரிக்கடைசி எழுத்துதான் காரணம். டாஸ்2யூனிக்ஸ் ஓட்டினால் சரியாகும்.