நாய் ராத்திரி எங்க படுக்குது, ஏன் படுக்குது, அதை எப்படி மாத்துறது

முதல்ல ஒரு வாரம் எதையும் மாத்தாதீங்க. லைட்டை அணைச்சதும் உங்க நாய் எங்க போய் படுக்குது, நடு ராத்திரில எழுந்து எங்க மாறுது, காலைல எங்க கெடக்குது, இதை மட்டும் பாத்து வைங்க, முடிஞ்சா போன்ல குறிச்சுக்கோங்க. நிறைய பேரு நேரா "கட்டில்ல ஏறவே விடக்கூடாது, எப்படி நிறுத்துறது"ன்னுதான் ஆரம்பிக்கிறாங்க, ஆனா அது ஏன் ஏறுதுன்னு தெரியாம நிறுத்தப் பாத்தா நாய்க்கும் தூக்கம் போயிடும் உங்களுக்கும் போயிடும்.

காரணம் ஒவ்வொரு நாய்க்கும் வேற. சில நாய் கட்டில்ல உங்க முதுகை ஒட்டி சுருண்டு படுக்கும், அதுக்கு வேணும்ங்கிறது கதகதப்பும் பக்கத்துல ஆள் இருக்காங்கங்கிற தைரியமும். சிலது கதவுக்கும் உங்களுக்கும் நடுவுல படுக்கும், யாரு வந்தாலும் போனாலும் அதுக்கு தெரியணும். அப்புறம் பத்து மணிக்கு உங்க கூட படுத்துட்டு பன்னெண்டு மணிக்கு எறங்கி வெறும் தரையில போய் காலை நீட்டிக்கிற நாய் இருக்கு. "என் மேல கோவமா, என்னைப் பிடிக்கலையா"ன்னு மனசு கஷ்டப்படாதீங்க, நாயோட உடம்புச் சூடே சாதாரணமா 38.3ல இருந்து 39.2 டிகிரி செல்சியஸ் வரைக்கும் இருக்கும், நம்மளை விட அதிகம், போர்வை உங்க உடம்பு சூடு எல்லாம் சேந்து அதுக்கு புழுங்கிடும், அவ்ளோதான் விஷயம். உங்களுக்கு முதுகைக் காட்டி படுக்குறதும் அப்படித்தான், அவமரியாதை கெடையாது, முதுகுப்பக்கம் ஆபத்து இல்லைன்னு நம்பினாதான் ஒரு மிருகம் அப்படி திரும்பிப் படுக்கும்.

இங்க ஒரு விஷயத்தை அழுத்தமா சொல்லணும். "கட்டில்ல படுக்க விட்டா அது தன்னை வீட்டுக்கு தலைவன்னு நெனச்சுக்கும்"னு இன்னும் சொல்லிட்டு இருக்காங்க. இந்த தலைவன் கதை, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத ஓநாய்களை ஒரே இடத்துல அடைச்சு வச்சுப் பாத்த பழைய ஆராய்ச்சில இருந்து வந்தது. ஓநாய்களை பல வருஷம் காட்டுல கவனிச்ச டேவிட் மீச் 1999ல எழுதின கட்டுரையில, காட்டு ஓநாய்க் கூட்டம்ங்கிறது பெரும்பாலும் அப்பா அம்மா குட்டிங்க இருக்குற ஒரு குடும்பம், சண்டை போட்டு பதவி பிடிக்கிற இடம் இல்லைன்னு தெளிவா சொல்லிட்டாரு. அதனால உங்க நாய் கட்டில்ல ஏறுறது மெத்தை மெத்துன்னு இருக்கு, உங்க வாசனை இருக்கு, அதுக்குத்தான். தலைவன்னு நெனச்சு அதை அடிச்சு எறக்குறவங்களைப் பாத்தா எனக்கு உண்மையாவே வயிறு எரியும்.

அப்போ கூட படுக்க வைக்கலாமா வேணாமான்னா, அது உங்க இஷ்டம். அமெரிக்காவுல இருக்குற மேயோ கிளினிக் ஆஸ்பத்திரில 2017ல 40 பேரோட தூக்கத்தை ஏழு ராத்திரி அளந்து பாத்தாங்க, நாய் அதே ரூம்ல இருந்தா தூக்கம் பெருசா கெடல, ஆனா கட்டில் மேலயே இருந்தப்போ கொஞ்சம் குறைஞ்சுது. எனக்கும் அனுபவத்துல இதுதான் சரியா பட்டது, ரூமுக்குள்ள இருக்கட்டும், கட்டில் பக்கத்துல தரையில அதுக்குன்னு ஒரு இடம் இருக்கட்டும். கைக்குழந்தை படுக்குற கட்டில்ல மட்டும் எந்த நாயும் வேணாம், எவ்ளோ சாதுவா இருந்தாலும் சரி. நோய் எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்க இருந்தா டாக்டர்கிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

சரி, மாத்துறது எப்படி. நாய் படுக்குறதுக்குன்னு ஒரு பெட் (படுக்கை) வாங்கி ஹால் மூலையில போட்டுட்டு "போ, அங்க படு"ன்னா எந்த நாயும் போகாது, நேத்து வரைக்கும் உங்க காலடியில இருந்ததை திடீர்னு தள்ளி வச்ச மாதிரி ஆயிடும். புது பெட்டை உங்க கட்டிலை ஒட்டியே போடுங்க, கை தொங்கப்போட்டா நாய் மேல படுற தூரம். நீங்க போட்டுத் துவைக்காத பழைய டிஷர்ட் ஒண்ணை அது மேல விரிங்க (துணியைக் கடிச்சு முழுங்குற நாயா இருந்தா வேணாம்). பழக்குறதை ராத்திரில ஆரம்பிக்காதீங்க, பகல்ல ஆரம்பிங்க. பெட் மேல ஒரு டிரீட் (நாய்க்குப் பிடிச்ச சின்ன தின்பண்டம்) போடுங்க, கால் வச்சா ஒண்ணு, உக்காந்தா ஒண்ணு, படுத்தா ரெண்டு, தானா அங்க போய் படுத்துச்சுன்னா சத்தமில்லாம போய் முன்னங்கால் பக்கத்துல ஒண்ணு வச்சுட்டு வந்துடுங்க. "இடம்"னு ஒரே ஒரு வார்த்தை வச்சுக்கோங்க, வீட்ல எல்லாரும் அதே வார்த்தைதான். ஹங்கேரி நாட்டு புடாபெஸ்ட்ல இருக்குற ஈயோட்வஷ் லோராந்த் பல்கலைக்கழகத்துல நாய்ங்க தூங்கும்போது மூளை அலையைப் பதிவு பண்ணி 2017ல வெளியிட்டாங்க, புதுசா கத்துக்கிட்ட கட்டளை ஒரு தூக்கம் போட்டு எழுந்தப்புறம் இன்னும் நல்லா நிக்குதுன்னு தெரிய வந்தது. அதனால பகல்ல அஞ்சு நிமிஷம் பழக்கிட்டு அதைத் தூங்க விடுங்க, அரைமணி நேரம் போட்டு நச்சரிக்காதீங்க.

சாயங்காலம் நல்ல வாக்கிங், மோந்து மோந்து பாக்க விட்டு மெதுவா கூட்டிட்டுப் போங்க, படுக்குறதுக்கு முன்னாடி ஒருதடவை ஒண்ணுக்கு, அப்புறம் லைட்டைக் குறைச்சுடுங்க. கட்டில்ல ஏறுனா திட்டாதீங்க, தள்ளாதீங்க, கொஞ்சாதீங்க, ஒரு டிரீட்டைக் காட்டி கீழ எறக்கி பெட்ல விட்டுட்டு திரும்பி படுத்துடுங்க. முதல் ராத்திரில பத்து தடவை ஏறலாம், பத்து தடவையும் இதேதான்.

மூணாவது நாலாவது ராத்திரில நாயோட அழுகை இன்னும் அதிகமாகலாம், இது முன்கூட்டியே தெரிஞ்சிருக்கணும், ஏன்னா பாதிப்பேரு விடுறது இங்கதான். இத்தனை நாள் வேலை செஞ்ச ஒரு வழி திடீர்னு வேலை செய்யலைன்னா எந்த உயிரும் அதையே இன்னும் பலமா முயற்சி பண்ணும். நீங்க நாப்பது நிமிஷம் தாங்கிட்டு கடைசில "பாவம் வாடா"ன்னு தூக்கிட்டா, நாப்பது நிமிஷம் அழுதா கெடைக்கும்னு நீங்களே சொல்லிக்குடுத்த மாதிரி. எங்க வீட்டுலயும் அதான் நடந்தது, நான் எறக்கி விடுவேன், தம்பி ராத்திரி ரெண்டு மணிக்கு ரகசியமா போர்வைக்குள்ள தூக்கிப்பான், ஒரு மாசம் ஆகியும் ஒண்ணும் மாறல, குழம்பிப்போனது நாய்தான். அவன்கிட்ட உக்காந்து பேசினப்புறம் ரெண்டு வாரத்துல சரியாச்சு.

ஆனா அழுகைக்கும் பயத்துக்கும் வித்தியாசம் பாருங்க. முனகிட்டு உங்களையே பாத்துட்டு அஞ்சு நிமிஷத்துல படுத்துட்டா பரவால்ல. எச்சில் ஒழுக மூச்சு வாங்குறது, கதவைப் பிறாண்டி நகம் உடையுறது, இருந்த இடத்துலயே ஒண்ணுக்குப் போறது, இதெல்லாம் பயம், அதை அழ விட்டு பழக்க முடியாது, பக்கத்துலயே திரும்ப கொண்டு வந்து இன்னும் மெதுவா போகணும். கீழ படுக்கப் பழகினப்புறம் தூரம் வேணும்னா பெட்டை மூணு நாலு ராத்திரிக்கு ஒருதடவை அரை அடி மட்டும் நகத்துங்க, கதவு வரைக்கும், அப்புறம் வெளிய. ஒரு இடத்துல தடுமாறுனா ஒரு படி பின்னாடி வாங்க.

குட்டிக்கு கணக்கே வேற. நேத்து வரைக்கும் கூடப்பொறந்ததுங்க மேல ஏறிப் படுத்துட்டு இருந்தது அது, தனி ரூம்ல போட்டு அடைக்காதீங்க, கிரேட்டோ (நாய்க் கூண்டு) அட்டைப்பெட்டியோ கட்டில் பக்கத்துலயே இருக்கட்டும். எத்தனை மாசமோ ஏறக்குறைய அத்தனை மணி நேரம்தான் ஒண்ணுக்கை அடக்க முடியும், ரெண்டு மாசக் குட்டி ராத்திரி எழுப்பத்தான் செய்யும், தூக்கிட்டுப் போயிட்டு பேச்சு விளையாட்டு இல்லாம திரும்ப விட்டுடுங்க. குட்டிங்க ஒரு நாளைக்கு 18லருந்து 20 மணி நேரம் தூங்கும், வளந்த நாய் 12லருந்து 14, அதனால "எப்பப்பாரு தூங்குது"ன்னு பயப்பட வேணாம்.

தூக்கத்துல கால் ஒதறி சின்னதா குரைச்சா கனவுதான், தொட்டு எழுப்பாதீங்க, திடுக்கிட்டு கடிச்சுடலாம், எழுப்பியே ஆகணும்னா தள்ளி நின்னு பேரைச் சொல்லுங்க. கட்டில்ல படுத்துட்டு யாராவது கிட்ட வந்தா உறுமுதுன்னா அந்த உறுமலுக்கு தண்டனை குடுக்காதீங்க, அது எச்சரிக்கை, அதை அடக்கிட்டா அடுத்த தடவை சொல்லாம கடிக்கலாம். அந்த நாயை கட்டில்ல ஏத்துறதை நிறுத்திட்டு, அடிக்காம பழக்குற டிரெயினர் ஒருத்தரைப் பாருங்க.

காலைல நாலு மணிக்கு மூஞ்சை நக்கி எழுப்புற நாய்க்கு, எழுந்த உடனே சாப்பாடு வைக்கிறதை நிறுத்துங்க, எழுந்து அரைமணி நேரம் கழிச்சு வைங்க, ரெண்டு நாளைக்கு ஒருதடவை இன்னும் பத்து நிமிஷம் தள்ளுங்க.

பல வருஷமா ஒரே இடத்துல படுத்த நாய் திடீர்னு இடம் மாத்துனா பழக்கம்னு நெனச்சு விட்டுடாதீங்க. கட்டில்ல தாவாம கீழயே நின்னு பாக்குறது மூட்டு வலியா இருக்கலாம், ராத்திரில நாலஞ்சு தடவை வெளிய போகணும்னு கேக்குறது சிறுநீரகமோ சர்க்கரையோ இருக்கலாம், வயசான நாய் பகலெல்லாம் தூங்கி ராத்திரி முழுக்க நடந்துட்டே இருந்தா மூளை மறதி ஆரம்பிச்சிருக்கலாம், எதுவா இருந்தாலும் வெட்னரி டாக்டர்கிட்ட காட்டிட்டு அப்புறம்தான் பழக்குற வேலை. மூட்டு வலின்னு தெரிஞ்சா கனமான ஃபோம் பெட் ஒண்ணு போட்டு, போற வழியில வழுக்காத மேட் விரிச்சு, ஒரு சின்ன நைட் லேம்ப் போட்டு வைங்க. அது கட்டிலைப் பாத்து நின்னா இத்தனை நாள் போட்ட ரூலை எல்லாம் விட்டுட்டு ரெண்டு கையால மெதுவா தூக்கி மேல படுக்க வச்சுக்கோங்க.