மேல் ஸ்தாயியில் குரல் அடைத்தது: சரிசெய்த விதம்

பாடும்போது மேல் ஷட்ஜமத்தை (மேல் 'ச') தொட்டதும் குரல் இறுகி, அதற்கும் மேலே காந்தாரத்தில் ('க') உடைந்தது. மூச்சை அழுத்தித் தள்ளினேன், மோசமானது. இரண்டு நாள் பாடாமல் இருந்தேன். தொண்டை தெளிந்தது, அடைப்பு போகவில்லை.

தாடை எலும்புக்குப் பின்னால், அடியில் மெத்தென்றிருக்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்துப் பாடியபோதுதான் பிடிபட்டது. சுரம் எழும்பும் முன்பே அந்த இடம் கல்லாகிறது: நாக்கின் அடிப்பகுதி குரல்வளையை அழுத்துகிறது. பலரும் கழுத்தைத்தான் தடவிப் பார்ப்பார்கள்.

இந்த இறுக்கம் தளர, அரை டம்ளர் நீரில் ஸ்ட்ராவை 2 செ.மீ. அமிழ்த்தி, 'ஊ' என்று கீழிருந்து மேலே வழுக்கிப் போக வேண்டும். குமிழி சீராக வரணும். குபுக்கென்று பொங்கினால் மூச்சு அதிகம். நீரின் எதிரழுத்தத்தால் குரல் நாண்கள் மென்மையாக மோதுகின்றன. தினம் 3 முறை, 5 நிமிடம். உடனே நாக்கு நுனி கீழ்ப்பல்லைத் தொட, அதே சுரங்களில் 'ஆ' பாடணும்; அப்போது கட்டைவிரல் தாடைக்கு அடியில் அதே மெத்தென்ற இடத்தில் இருக்கணும், எடுக்கக் கூடாது. ஐந்தாம் நாள் காந்தாரம் முழு பலத்தோடு நின்றது. அப்பாடா!