ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே என்ன ஒயர்? கடை, ஆபீஸ் வேலைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையைப் புதுப்பிக்கும்போது ஜிப்சம் போர்டு டிசைன், விளக்கின் நிறம், ஏசி எத்தனை டன் என்று எல்லாவற்றையும் நாள்கணக்கில் பேசுவார்கள். சீலிங்குக்கு மேலே ஓடப்போகும் ஒயரைப் பற்றிய பேச்சு மட்டும் "நல்ல கம்பெனியா போடுங்க, ஒன்றரை, ரெண்டரை, நாலு" (சதுர மி.மீ. கணக்கில் ஒயரின் அளவு) என்பதோடு முடிந்துவிடும். போர்டு மூடிய பிறகு அந்த இடத்தை வருடக்கணக்கில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அங்கே ஒயர் புகைந்தால் கீழே நிற்பவர்களுக்குத் தெரிய வருவதற்குள் புகை தூரம் போயிருக்கும். அதனால் எவ்வளவு கரண்ட் தாங்கும் என்பதோடு, எரிந்தால் எவ்வளவு புகை விடும் என்பதையும் பார்த்தே சீலிங் ஒயரை வாங்க வேண்டும்.

அதிகம் நடக்கும் தவறு, எஃப்.ஆர்., அதாவது தீ எளிதில் பரவாத வகை என்று அச்சிட்டிருந்தால் போதும் என்று நினைப்பது. ஐ.எஸ். 694 என்ற இந்தியத் தரத்தில் வரும் எஃப்.ஆர். ஒயரின் மேலுறைக்கு ஆக்சிஜன் இண்டெக்ஸ், அதாவது அது தொடர்ந்து எரியத் தேவையான ஆக்சிஜன் சதவீதம், குறைந்தது 29 இருக்க வேண்டும். நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். அதனால் அது தீயைச் சட்டென்று தொடர விடாது. ஆனால் அது பி.வி.சி. பக்கத்தில் வேறு ஏதோ எரிந்து அந்தச் சூட்டில் இதுவும் வெந்தால் கரும்புகையும் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் வரும். அந்த வாயு ஈரம் பட்டால் அமிலமாகும். கண்ணும் தொண்டையும் எரியும். ஆள் வழி தெரியாமல் விழுவது பெரும்பாலும் புகையில்தான், தீயில் அல்ல.

எஃப்.ஆர்.எல்.எஸ்.ஹெச். (புகையும் ஹாலஜனும் குறைந்த எஃப்.ஆர்.) என்ற வகையில் இதற்கும் ஒரு வரம்பு உண்டு. புகை அடர்த்தி 60 சதவீதத்துக்கும், அமில வாயு எடையில் 20 சதவீதத்துக்கும் மேல் போகக் கூடாது. அதற்கும் மேலே எச்.எஃப்.எஃப்.ஆர்., அதாவது குளோரின் போன்ற ஹாலஜனே இல்லாத ஒயர். இதற்குத் தனித் தரம், ஐ.எஸ். 17048. சின்னக் கடைக்கு எஃப்.ஆர்.எல்.எஸ்.ஹெச். போதும் என்பது என் கருத்து. கல்யாண மண்டபம், நர்சிங் ஹோம், டியூஷன் சென்டர், ஒரே படிக்கட்டு உள்ள மாடிக் கடை ஆகியவற்றுக்கு எச்.எஃப்.எஃப்.ஆர். தவிர வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன். விலை கூடும்தான். ஆனால் மொத்த இன்டீரியர் செலவில் ஒயருக்குப் போவது எவ்வளவு என்று ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.

கடையில் லைட்டரைக் கொளுத்தி, "பாருங்க சார், தானா அணையுது" என்று காட்டுவார்கள். அதை நம்பி வாங்காதீர்கள். ஒற்றை ஒயராகப் பிடித்தால் சாதாரண பி.வி.சி.கூடப் பல சமயம் தானே அணையும். முப்பது நாற்பது ஒயர் கட்டாகக் கட்டிப் போகும் இடத்தில் அது வேறு மாதிரி நடந்துகொள்ளும். தவிர, புகையைப் பற்றி அந்த லைட்டர் எதுவுமே சொல்லாது.

இன்னொரு குழப்பம் ஃபயர் அலாரம், எமர்ஜென்சி லைட், ஃபயர் பம்ப் லைன்களில். தீப்பிடித்த பிறகும் வேலை செய்ய வேண்டிய சர்க்யூட்டுகள் இவை. எச்.எஃப்.எஃப்.ஆர். ஒயரானாலும் தீக்குள் கரண்ட் கடத்திக்கொண்டே இருக்காது. இங்கே வேண்டியது ஃபயர் சர்வைவல் கேபிள். மைக்கா டேப் சுற்றி வரும் இந்தக் கேபிளில் பி.எஸ். 6387 சி.டபிள்யூ.இசட். என்று பிரிட்டிஷ் தரம் குறித்திருக்கும். சி என்றால் 950 டிகிரியில் மூன்று மணி நேரம் தாங்கியது என்று பொருள்.

ஒயர் சரியாக இருந்தும் பைப்பில் கோட்டை விடுவது உண்டு. ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஓடும் ஒயரிங் மெட்டல் காண்டூட்டில் (உலோகப் பைப்பில்) தான் போக வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. நடைமுறையில் பி.வி.சி. பைப், அதுவும் பாதி தூரம் வரைக்கும்தான். மீதி சீலிங் கம்பியில் டேக் போட்டுத் தொங்கும். கொத்தவால்சாவடிப் பருப்பு மண்டிகள் பக்கம் எலிக்காகவாவது மெட்டல் பைப் போட்டாக வேண்டும். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் உப்புக்காற்றில் மெலிதாகத் துத்தநாகம் பூசிய சாதாரண ஜி.ஐ. பைப் சீக்கிரம் துருப்பிடிக்கும், உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஹாட் டிப் கால்வனைஸ் பைப்பைக் கேட்டு வாங்குங்கள். பைப் சுவரைத் துளைத்துப் போகும் ஓட்டையை ஃபயர் சீலன்ட் வைத்து அடைக்கவும் சொல்லுங்கள்.

அடுத்தது சூடு. இதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மாதவரம், மணலி பக்கத்துக் குடோன் ஆபீஸ்களிலும், மேல்தளத்துக் கடைகளிலும் தகரக் கூரைக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் நடுவே மே மாத மதியத்தில் 50 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். நம் ஊர் ஒயர்களின் ஆம்பியர் அட்டவணை பொதுவாகச் சுற்றுச்சூடு 40 டிகிரி என்று வைத்துப் போட்டது, பி.வி.சி. தாங்கும் எல்லை 70 டிகிரி. அட்டவணையில் 24 ஆம்பியர் என்று இருக்கும் ஒயர் 50 டிகிரியில் சுமார் 19.5 ஆம்பியருக்குத்தான் சரி. அதே பைப்பில் மூன்று சர்க்யூட்டைத் திணித்தால் இன்னும் 0.7 ஆல் பெருக்க வேண்டும். கிடைப்பது 14 ஆம்பியருக்கும் கீழே. அதற்கு 20 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்) போட்டிருப்பார்கள். ஒயரில் 18 ஆம்பியர் ஓடினால் எம்.சி.பி. விழாது, ஒயரின் மேலுறை மட்டும் வருடம் முழுக்க உள்ளுக்குள் வெந்து மொறுமொறுப்பாகும். அதனால் கூரைக்கு அடியில் ஏசி லைன் போனால் அளவை ஒரு படி ஏற்றுங்கள், ஒரு பைப்பில் ஒரே சர்க்யூட் விடுங்கள்.

நெட்வொர்க், கேமரா கேபிள் விஷயத்தில் கவனம் இன்னும் குறைவு. சீலிங் இடைவெளி வழியாகவே ஏசி காற்று திரும்பிப் போகும் கட்டடம் என்றால், அங்கே எரியும் கேபிளின் புகையை ஏசியே எல்லா அறைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். அமெரிக்க விதி அந்த இடத்துக்கு சி.எம்.பி. என்று குறித்த, தீயும் புகையும் குறைவாகப் பரவும் கேபிளைத்தான் கேட்கிறது. இங்கே வழக்கம் எல்.எஸ்.இசட்.ஹெச்., அதாவது புகை குறைந்த, ஹாலஜன் இல்லாத மேலுறை. இரண்டும் ஒன்றல்ல, வெளிநாட்டுக் கம்பெனி டெண்டரில் ஒன்று கேட்டிருக்க இன்னொன்றைப் போட்டால் அப்ரூவல் நின்றுவிடும். அப்புறம், அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கேபிளில் கேமராவுக்குக் கரண்டும் அனுப்பினால் முழுச் செம்பைவிட அதிகம் சூடேறும். அதை சீலிங்குக்குள் விடவே கூடாது.

கடைசி இரண்டு அடியையும் கவனியுங்கள். மெயின் லைன் முழுக்க எஃப்.ஆர்.எல்.எஸ்.ஹெச். போட்டுவிட்டு, ஜங்ஷன் பாக்ஸிலிருந்து டவுன் லைட்டுக்கு இறங்கும் துண்டுக்கு மட்டும் பெயர் தெரியாத ட்வின் ஒயரைப் போடுகிறார்கள். எல்.ஈ.டி. டிரைவரின் (விளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் சின்னப் பெட்டியின்) சூடு நேராகப் படுவது அந்தத் துண்டில்தான். இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயின்ட் தொங்குவதும் அங்கேதான். ஜாயின்ட் பாக்ஸுக்குள் கனெக்டரில் இருக்க வேண்டும். பாக்ஸுக்கு நேரே போர்டில் திறந்து மூடும் பேனல் வேண்டும்.

வாங்கும்போது ஒயர்ச் சுருளின் அட்டையை மட்டும் பார்க்காதீர்கள், ஒயரின் மேலேயே படியுங்கள். கம்பெனி பெயர், ஐ.எஸ். எண், வகை, ஐ.எஸ்.ஐ. முத்திரை, சி.எம்./எல். என்ற லைசென்ஸ் எண் எல்லாம் இருக்க வேண்டும். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் லைசென்ஸ் யாருடையது, இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். கொட்டேஷனில் "2.5 காப்பர் ஒயர்" என்று மொட்டையாக எழுதியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். "2.5 சதுர மி.மீ., எஃப்.ஆர்.எல்.எஸ்.ஹெச்., ஐ.எஸ். 694, மெட்டல் காண்டூட்டில்" என்று எழுதி வாங்குங்கள். போர்டு மூடுவதற்கு முந்தின நாள் ஏணி போட்டு ஏறி, ஒயர் மேலிருக்கும் அச்சையும் ஜங்ஷன் பாக்ஸ் இருக்கும் இடங்களையும் போட்டோ எடுத்து வையுங்கள்.